லேப், மெடிக்கல் ஷாப், லாட்ஜ் வைத்தியர், நம்பிக்கை மையம்: பயம் வந்தபின் எங்கே போவது?

8 வருடத்துக்கு முன்பு நான் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். வேலை விஷயமாக வெளியூர் போன இடத்தில் ஒரு மசாஜ் நிலையத்துக்குள் போய்விட்டேன். நடந்தது கொஞ்சம்தான். கையால், அப்புறம் சில நிமிடம் ஆணுறை போட்டு வாயால். அதற்கு மேல் எதுவும் இல்லை. அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு ஏறக்குறைய 4 மாதம் சரியாகத் தூங்கவில்லை. 7 கிலோ இளைத்தேன். 19,000 ரூபாய் போல செலவழித்தேன். அதில் 18,000 தேவையே இல்லாத செலவு.

போன வாரம் இரவு 1 மணிக்கு என் சித்தி மகனின் நண்பன் போன் செய்தான். "அண்ணே, உங்ககிட்ட மட்டும்தான் கேக்க முடியும்" என்று ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டான். அவனுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட அதேதான். ஆணுறையோடு ஒரு முறை உறவு, ஆணுறை கிழியவில்லை. 5 நாள் ஆகியிருந்தது. மாத்திரை போட்டுவிடலாமா, லேபில் எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிடலாமா, ஊரில் தெரியாமல் வேறு ஊர் வைத்தியரைப் பார்க்கலாமா என்று ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கேட்டான். அன்று நான் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்த கதவுகள்தான் அவை. எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஆபத்து எவ்வளவு என்று பார்த்துவிடலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் வழிகளை ஒப்பிட முடியாது.

எச்.ஐ.வி. கையால் தொடுவதால் வராது, முத்தத்தால் வராது, எச்சிலால் வராது. வாய்வழி உறவில் வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆணுறை இல்லாமல் பெண்ணுறுப்பு வழியாக உறவு கொண்ட ஆணுக்கு, அந்தப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. இருந்து அவர் சிகிச்சையும் எடுக்காதவராக இருந்தால், ஒரு முறைக்கு 10,000இல் 4 என்பது மருத்துவ உலகம் வைத்திருக்கும் கணக்கு. அதே உறவில் பெண்ணுக்கு 10,000இல் 8. ஆசனவாய் வழியாக உறவை ஏற்பவருக்கு 10,000இல் 138, இது சின்ன எண் அல்ல. இந்தியாவில் வயது வந்தவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் சுமார் 0.2 சதவீதம். எதிரில் இருந்தவர் கூடுதல் ஆபத்துள்ள தொழிலில் இருக்கிறார், 100 பேரில் 2 பேருக்கு இருக்கும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆணுறை இல்லாத ஒரு முறைக்கு ஆணுக்கான கணக்கு 10 லட்சத்தில் 8தான். ஆணுறை கிழியாமல் இருந்தால் அதிலும் பெரும்பகுதி போய்விடும்.

ஆனால் நோய் என்றால் எச்.ஐ.வி. ஒன்றுதான் என்று நம் ஊரில் பதிந்துவிட்டது. இதற்குக் காரணம் இருக்கிறது. 1986இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்துக்கொண்டிருந்த நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன. அப்புறம் பல வருடங்கள் சுவரிலும் பேருந்திலும் டிவியிலும் எச்சரிக்கைதான். "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற கேள்வியைப் படித்து வளர்ந்த தலைமுறை நான். அந்தப் பிரசாரம் நிறையப் பேரைக் காப்பாற்றியது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சின்னதாக ஒரு தவறு நடந்தவுடனே நம் மனம் நேராக எய்ட்ஸில் போய் நிற்கிறது. நடுவில் இருக்கும் மற்ற நோய்கள் கண்ணில் படுவதே இல்லை.

ஆணுறை இல்லாத வாய்வழி உறவில் வெட்டை நோய் என்கிற கொனோரியா வரலாம். சிபிலிஸ் வரலாம். தோலோடு தோல் உரசுவதால் அக்கி என்கிற ஹெர்பிஸும் மரு வைரஸும் ஆணுறை மூடாத இடத்தில் வரலாம். இவை எல்லாம் எச்.ஐ.வி.யைவிடச் சுலபமாகத் தொற்றுபவை. பெரும்பாலும் சிகிச்சைக்குக் கட்டுப்படுபவை, அல்லது உடம்பே சரிசெய்துகொள்பவை. ஆகவே "குறைந்த ஆபத்து" என்பதற்கு நோய்க்கு நோய் அர்த்தம் மாறும். சரி, இனி வழிகள்.

72 மணி நேரக் கதவு

முதல் 3 நாளுக்குள் மட்டும் திறந்திருக்கும் வழி இது. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரை, சுருக்கமாக பெப் என்பார்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. கூட்டு மருந்து சிகிச்சை மையம் இருக்கும் இடங்களில் கேட்கலாம்.

யாருக்கு இது வேண்டும்? எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தும் சிகிச்சை எடுக்காத ஒருவரோடு ஆணுறை கிழிந்திருந்தால் வேண்டும். ஆணுறை இல்லாமல் ஆசனவாய் வழி உறவை ஏற்றிருந்தால், ஊசியைப் பகிர்ந்திருந்தால் வேண்டும். பாலியல் வல்லுறவுக்கு ஆளானவர் ஒரு நிமிடமும் யோசிக்காமல் போக வேண்டும், அங்கே இந்த மாத்திரையோடு மற்ற சிகிச்சைகளும் கிடைக்கும். கைவேலைக்கும், முத்தத்துக்கும், கிழியாத ஆணுறைக்கும் பெப் வேண்டியதில்லை. ஒரு மாதம் குமட்டலோடு மாத்திரை விழுங்கி, ஆபத்து இல்லாத ஒன்றிலிருந்து தப்பித்ததாக நினைத்துக்கொள்வதில் பயனில்லை. அந்த மாத்திரையே பயத்தை இன்னும் உறுதிப்படுத்திவிடும் என்பது என் எண்ணம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. நடந்தது எதுவாக இருந்தாலும் கர்ப்ப வாய்ப்பு உண்டு என்றால் அவசர கருத்தடை மாத்திரைக்கும் இதே 72 மணி நேரக் கணக்குதான், அதுவும் சீக்கிரம் போட்டால்தான் நன்றாக வேலை செய்யும். நோய்ப் பயத்தில் இது மறந்துபோகிறது.

மெடிக்கல் ஷாப்

4ஆம் நாள் நான் செய்தது இது. வீட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி, தெரியாத கடை. "யூரின் போனா எரியுது" என்றேன். கடைக்காரர் 2 வகை ஆன்டிபயாடிக் கொடுத்தார். 5 நாள் சாப்பிட்டேன். எரிச்சல் போகவில்லை, கூடவே வயிற்றுப்போக்கு வந்தது. அந்த வயிற்றுப்போக்கை நான் எய்ட்ஸின் அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

எரிச்சலுக்கு உண்மையான காரணம் பல வாரம் கழித்துத்தான் தெரிந்தது. சீழ் வருகிறதா என்று நாளைக்கு 20 தடவை ஆணுறுப்பைப் பிதுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிச் செய்தால் யாருக்கும் எரியும்.

இந்த வழியின் கெடுதல் பணத்தோடு முடிவதில்லை. கொனோரியா கிருமி பழைய மாத்திரைகள் பலவற்றுக்கு இப்போது அசைவதில்லை. மருந்துக் கடையில் எளிதாகக் கிடைக்கும் சிப்ரோஃப்ளாக்சசின் அதற்குக் கிட்டத்தட்ட உதவாது. உண்மையிலேயே நோய் இருந்தால் அரைகுறை மருந்து அறிகுறியை அடக்கிவிட்டு நோயை உள்ளேயே விட்டுவிடும். பிறகு எடுக்கும் டெஸ்ட்டையும் குழப்பிவிடும். நோய் இல்லை என்றாலோ, வயிறு கெட்டதுதான் மிச்சம். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் இது மோசமான வழி.

லேபில் "ஃபுல் பேக்கேஜ்"

எனக்கு அதிகம் செலவு வைத்ததும், அதிகம் அழவைத்ததும் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

9ஆம் நாள் ஒரு தனியார் லேபுக்குப் போய் அவர்களிடம் இருந்த பால்வினை நோய் பேக்கேஜை எடுத்தேன். எச்.ஐ.வி., சிபிலிஸுக்கான விடிஆர்எல், மஞ்சள் காமாலை பி, சி, அக்கிக்கு இரண்டு வகை ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம்), சிறுநீர், ரத்த அணுக்கள் என்று ஒரு நீளப் பட்டியல். 9ஆம் நாளில் அவற்றில் பெரும்பாலானவை எதையும் சொல்ல முடியாது. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஒரு கிருமி உடம்பில் நுழைந்து, டெஸ்ட்டில் தெரியும் அளவுக்கு வர நாள் பிடிக்கும். கொனோரியாவையும், கிளமிடியா என்கிற இன்னொரு பால்வினை நோயையும் சிறுநீரில் மரபணுச் சோதனையால் பார்க்க 2 வாரம் ஆகட்டும். அதற்கும் சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை போதாது. அதில் சீழ் அணு தெரியலாம், எந்தக் கிருமி என்று தெரியாது. எச்.ஐ.வி.க்கு லேபில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனை வைரஸின் பி24 என்கிற புரதத்தையும் சேர்த்துத் தேடும், அதனால் 45 நாளில் முடிவான பதில் கிடைக்கும். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் உடனடிச் சோதனைகள் பெரும்பாலும் ஆன்டிபாடியை மட்டும் தேடுபவை, அவற்றுக்கு 90 நாள். சிபிலிஸ் சராசரியாக 3 வாரத்தில் புண்ணாகத் தெரியும், சிலருக்கு 90 நாள் வரை போகும். ரத்தத்தில் முடிவாகச் சொல்ல 12 வாரம்.

அக்கிக்கான ஆன்டிபாடி டெஸ்ட்தான் பெரிய பொறி. என் ரிப்போர்ட்டில் அது "ரியாக்டிவ்" என்று தடித்த எழுத்தில் வந்தது. பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு நொய்யல் பாலத்தருகில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அது முதல் வகை அக்கி வைரஸ். உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு அது உண்டு, பலருக்குச் சின்ன வயதில் அம்மாவோ பாட்டியோ கொடுத்த முத்தத்தில் வந்தது. உதட்டோரம் காய்ச்சலின்போது கொப்புளம் வருமே, அதேதான். 9ஆம் நாளில் ஆன்டிபாடி இருந்தால் அது பழைய விஷயம் என்றே பொருள். புண் இல்லாதவருக்கு இந்த ரத்தப் பரிசோதனையே வேண்டாம் என்பதுதான் மருத்துவ வழிகாட்டு நெறி. பேக்கேஜ் விற்பவர்கள் அதை ஏன் உள்ளே வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் கோபம் உண்டு.

அதிக டெஸ்ட் எடுத்தால் அதிக நிம்மதி என்று நினைக்கிறோம். கணக்கு அப்படி இல்லை. நோய் இல்லாத 1,000 பேரில் 995 பேருக்குச் சரியாக "இல்லை" என்று சொல்லும் ஒரு டெஸ்ட் மிக நல்ல டெஸ்ட். ஆனால் மிச்சம் 5 பேருக்கு நோய் இல்லாமலே "இருக்கிறது" என்று வரும். ஆபத்தே இல்லாத ஒருவர் 10 வகை டெஸ்ட் எடுத்தால், அதில் ஏதோ ஒன்று தப்பாகக் காட்டும் வாய்ப்பு, உண்மையான நோய் இருக்கும் வாய்ப்பைவிடப் பல மடங்கு அதிகம். விடிஆர்எல் கூட வேறு காய்ச்சல், வேறு நோய்களால் லேசாக பாசிட்டிவ் காட்டும், டிபிஎச்ஏ என்ற இன்னொரு சிபிலிஸ் டெஸ்ட் செய்து உறுதிப்படுத்தாமல் அதை நம்பக் கூடாது.

ஆகவே லேப் கெட்டது என்று சொல்லவில்லை. தவறான நாளில் தவறான பட்டியலோடு போவதுதான் கெட்டது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரே ஒரு நான்காம் தலைமுறை எச்.ஐ.வி. டெஸ்ட்டை 45ஆம் நாளில் எடுப்பது நல்ல தேர்வு. அதே லேப், அதே ஊசி, பதில் மட்டும் உறுதியானது.

லாட்ஜ் வைத்தியர்

மாதத்தில் 2 நாள் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் தங்கிப் பார்க்கும் பரம்பரை வைத்தியர்களின் விளம்பரத்தைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அங்கேயும் போனேன். நாடி பிடித்துவிட்டு, மேகவெட்டை ரத்தத்தில் இறங்கிவிட்டது, நரம்புத் தளர்ச்சியும் இருக்கிறது, 48 நாள் மருந்து என்றார். 8,500 ரூபாய். டப்பாவில் பெயரில்லாத லேகியம். அவர் எந்த டெஸ்ட்டும் கேட்கவில்லை. எனக்கு என்ன நடந்தது என்றுகூடக் கேட்கவில்லை.

அரசு மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் படித்த சித்த மருத்துவரை நான் இதில் சேர்க்கவில்லை. அவரிடம் போயிருந்தால் நேராக டெஸ்ட்டுக்கு அனுப்பியிருப்பார். லாட்ஜ் வைத்தியர் விற்பது நம் வெட்கத்தை நமக்கே. பேர் தெரியாத ஊரில், கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் பார்க்காமல் என்பதற்குத்தான் அந்த 8,500. இந்த ரகசியம் இலவசமாகவே கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. அதற்கு வருகிறேன்.

ரத்த தானம் செய்து பார்ப்பது

இதை ஒரு வழி என்று எழுதவே கை கூசுகிறது, ஆனால் யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். ரத்தம் கொடுத்தால் எப்படியும் சோதிப்பார்கள், ஏதாவது இருந்தால் சொல்வார்கள், டெஸ்ட் எடுத்ததாகவும் வெளியே தெரியாது என்று ஒரு கணக்கு. செய்யாதீர்கள். தொற்றிய புதிதில் எந்தச் சோதனையிலும் தெரியாத நாட்கள் உண்டு, அந்த ரத்தம் இன்னொருவர் உடம்பில் ஏறும். 2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்ட ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது வெளியே வந்ததே, நினைவிருக்கும். ரத்தம் கொடுத்த அந்த இளைஞருக்குத் தனக்கு நோய் இருப்பது அப்போது தெரியாது. தெரிந்ததும் அவரே போய்ச் சொன்னார். பயம் இருக்கும் நாட்களில் ரத்த தானம் வேண்டாம், நண்பர்கள் கூப்பிட்டாலும், காய்ச்சல் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள்.

தோல் டாக்டர்

போர்டில் டி.வி.எல். என்ற எழுத்துக்கள் இருக்கும். தோல், பால்வினை, தொழுநோய் மூன்றுக்கும் படித்தவர் என்று அர்த்தம். அவருடைய கிளினிக்கில் முடி கொட்டுவதற்கும் முகப்பருவுக்கும் வந்தவர்களோடு உட்காரலாம், யாரும் எதையும் யூகிக்க மாட்டார்கள். உடம்பில் ஏதாவது தெரிந்தால் முதலில் போக வேண்டிய இடம் இதுதான். ஆணுறுப்பில் சீழ், பிறப்புறுப்பில் புண், கொப்புளம், மரு, தொடை இடுக்கில் நெறி கட்டுவது, பெண்களுக்கு வழக்கத்துக்கு மாறான வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி. இவற்றில் ஒன்று இருந்தால் நாள் எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டாம், அன்றே போகலாம்.

எனக்கு இருந்தது வேறு. ஆணுறுப்பு முனையைச் சுற்றி வரிசையாகச் சின்ன முத்து மாதிரிப் புள்ளிகள். மரு என்று முடிவே கட்டிவிட்டேன். டாக்டர் 10 விநாடி பார்த்தார். "இது நோயே இல்ல, வயசுக்கு வந்த பிறகு நிறையப் பேருக்கு இருக்கும், நீங்க இதுவரைக்கும் உத்துப் பார்த்ததில்ல, அவ்வளவுதான்" என்றார். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்றேன். அதுவும் நான் ஓயாமல் அமுக்கியதால் வலித்த சாதாரண நெறிதான். நாக்கில் வெள்ளை என்றேன். சாப்பிடுவதில்லை, தண்ணீர் குடிப்பதில்லை, தூங்குவதில்லை, பிறகு நாக்கு எப்படி இருக்கும் என்று கேட்டார். என் 18,000 ரூபாய்க் கணக்கில் சேராத செலவு அவருடைய 400 ரூபாய் ஃபீஸ்.

கை வசதி இல்லாதவர்களுக்கு அரசு மருத்துவமனைகளிலேயே பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வளாகத்தில் இதற்கென்றே ஒரு நிலையம் பல காலமாக இயங்குகிறது. பெண்கள் இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகத் தயங்குவது எனக்குப் புரிகிறது. "கல்யாணம் ஆச்சா?" என்ற கேள்விக்குப் பயந்தே போகாமல் இருந்த தோழி ஒருத்தியை எனக்குத் தெரியும். ஆனால் கிளமிடியா பெண்களுக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது, கவனிக்காமல் விட்டால் கருக்குழாயைப் பாதித்துக் குழந்தைப்பேற்றைத் தடுக்கலாம். ஆணுறை இல்லாமல் நடந்திருந்தால் 2 வாரம் கழித்து அந்த ஒரு சோதனையைப் பெண்கள் தவிர்க்கக் கூடாது. இதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல் கிடையாது.

நம்பிக்கை மையம்

மாவட்ட, தாலுகா அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்று ஒரு அறை இருக்கும். எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை இரண்டும் இலவசம். நான் அதைத் தவிர்த்துக்கொண்டே இருந்ததற்குக் காரணம், தெரிந்தவர் யாராவது வரிசையில் நின்றுவிடுவார்களோ என்பதுதான். கடைசியில் போனபோது வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் கர்ப்பிணிகள், அவர்களுக்கு இது வழக்கமான பரிசோதனை. மற்றவர்கள் ஆபரேஷனுக்கு முன்னால் அனுப்பப்பட்டவர்கள், காச நோய்க்காரர்கள். யார் எதற்கு வந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

லேபுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம், ரத்தம் எடுப்பதற்கு முன்னால் ஒருவர் உங்களோடு உட்கார்ந்து பேசுவார். என்னோடு பேசிய அக்கா, "சரி தம்பி, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு வரிசையா சொல்லுங்க" என்றார். அதுவரை யாருமே கேட்காத கேள்வி. சொல்லி முடித்ததும், "இதுல எச்.ஐ.வி. வர வழியே இல்லையே தம்பி, நீங்க கேட்டா டெஸ்ட் எடுக்குறேன்" என்றார். டெஸ்ட் நம் சம்மதத்தோடுதான் நடக்கும், முடிவை நம்மிடம்தான் சொல்வார்கள். 2017இல் இயற்றி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் சம்மதத்தையும் ரகசியத்தையும் கட்டாயம் ஆக்கியிருக்கிறது. முதல் சோதனை பாசிட்டிவ் மாதிரித் தெரிந்தால் அதை வைத்து முடிவு சொல்ல மாட்டார்கள், வேறு வேறு கிட்டில் இன்னும் இரண்டு முறை பார்த்து மூன்றும் ஒன்றாக வந்தால்தான் சொல்வார்கள். தப்பான பாசிட்டிவ் பற்றி மேலே சொன்னேனே, அதற்கான பாதுகாப்பு இது.

குறை என்றால், அங்கே பெரும்பாலும் உடனடிக் கிட்தான், ஆகவே முடிவான பதிலுக்கு 3 மாதம். பகல் வேலை நேரத்தில் போக வேண்டும். ஆன்லைனில் விற்கும் வீட்டுச் சோதனைக் கிட்டுக்கும் இதே 3 மாதக் கணக்குதான், ஆனால் அதில் பேச ஆள் இல்லை. இரவு 2 மணிக்குத் தனியாகக் குளியலறையில் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

லேபா, நம்பிக்கை மையமா என்றால் என் பதில்: நடந்ததில் ஆபத்தே இல்லை, பயம் மட்டும்தான் என்றால் முதல் வாரத்திலேயே நம்பிக்கை மையத்துக்குப் போய்ப் பேசுங்கள், ரத்தம் கொடுக்காமலே திரும்பலாம். உண்மையாகக் கொஞ்சம் ஆபத்து உண்டு என்றால் 45ஆம் நாள் லேபில் நான்காம் தலைமுறை டெஸ்ட், 3 மாதத்தில் அரசு மருத்துவமனையில் சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனை. அரசு இடமே போதும் என்பவர்கள் எல்லாவற்றையும் 3 மாதத்தில் ஒரே நாளில் முடித்துக்கொள்ளலாம். நேரில் போகத் தயக்கம் என்றால் 1097 இலவச எண், எச்.ஐ.வி. சந்தேகங்களுக்கென்றே இருக்கிறது.

கல்யாணமானவர்களுக்கு இந்த 45 நாளில் இன்னொரு முடிவும் எடுக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று நான் சொல்ல முடியாது, அது அவரவர் வாழ்க்கை. ஆனால் உண்மையாக ஆபத்து இருந்திருந்தால், டெஸ்ட் வரும்வரை மனைவியோடோ கணவரோடோ ஆணுறை இல்லாமல் இருக்கக் கூடாது. மனைவி கர்ப்பமாக இருந்தால் இதில் ஒரு துளி விட்டுக்கொடுப்பும் கூடாது. உங்கள் பயத்தில் பாதி அவர்களைப் பற்றியதுதானே, அந்தப் பயத்துக்கு நேர்மையாகச் செய்ய முடிந்தது இதுதான்.

காத்திருக்கும் நாளில் உருப்படியாகச் செய்ய ஒன்று உண்டு. மஞ்சள் காமாலை பி தடுப்பூசி. நம் நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு அது வந்தது 2011இல்தான், அதற்கு முன் பிறந்த நம்மில் பலர் போட்டிருக்க மாட்டோம். முதல் நாள், 1 மாதம், 6 மாதம் என்று 3 ஊசி. சம்பவத்துக்குப் பிறகு எவ்வளவு சீக்கிரம் முதல் ஊசி போட்டாலும் நல்லது. மரு வைரஸுக்கான தடுப்பூசியும் இருக்கிறது, வயதை வைத்து டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

நெகட்டிவ் வந்த பிறகும்

என் உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்கியது. 45ஆம் நாள் நெகட்டிவ். 2 நாள் நிம்மதி. 3ஆம் நாள், லேபில் ரத்தம் மாறியிருக்குமோ என்றது மனம். 60ஆம் நாள் வேறு லேப், நெகட்டிவ். 75, நெகட்டிவ். 90, நம்பிக்கை மையம், நெகட்டிவ். அந்த அக்கா ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, "தம்பி, நீங்க தேடுறது ரத்தத்துல இல்ல" என்றார். மனநல மருத்துவரிடம் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அதற்கு முன்பு நான் கோபப்பட்டிருப்பேன். அன்று கோபப்படத் தெம்பு இல்லை. மனநல மருத்துவர் 3 முறை பார்த்தார், சில வாரம் மாத்திரை கொடுத்தார், செல்போனில் அறிகுறி தேடுவதையும் உடம்பைத் தடவிப் பார்ப்பதையும் நாள் கணக்கு வைத்துக் குறைக்கச் சொன்னார். பேசப் பேசத் தெரிந்தது, நான் தண்டனைக்காகக் காத்திருந்தேன். செய்தது தப்பு, தப்புக்கு ஏதாவது வந்தே தீர வேண்டும் என்று எங்கோ உள்ளே நம்பிக்கொண்டிருந்தேன். வரவில்லை என்று ஒவ்வொரு ரிப்போர்ட்டும் சொன்னபோது நான் நம்பாததற்குக் காரணம் அதுதான். வைரஸுக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. என் குற்ற உணர்வுக்கு எந்த லேபிலும் டெஸ்ட் கிடையாது.

சரியான நாளில் எடுத்த ஒரு டெஸ்ட் நெகட்டிவ் வந்து, அதற்குப் பிறகும் இன்னொன்று எடுக்கத் தோன்றினால், அடுத்துப் போக வேண்டிய இடம் லேப் இல்லை. டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம், பணம் இல்லை. இரவில் செத்துவிடலாம் போல இருக்கிறது என்று ஒரு தடவை தோன்றினால்கூட, விடியும்வரை காத்திருக்காமல் அழையுங்கள். எனக்கும் ஒரு இரவு தோன்றியது.

பாசிட்டிவ் வந்தால்? அதையும் சொல்லத்தான் வேண்டும். கொனோரியா, கிளமிடியா, சிபிலிஸ் மூன்றும் மருந்தில் குணமாகும். எச்.ஐ.வி.க்கு 2004 ஏப்ரலிலிருந்து அரசு கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது, தொடங்கிய முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. இன்று பெரும்பாலானவர்களுக்குத் தினம் ஒரு மாத்திரை. தொடர்ந்து எடுத்து, வைரஸ் டெஸ்ட்டில் தெரியாத அளவுக்கு இறங்கிவிட்டால் உறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. கல்யாணம் செய்து, நோயில்லாத குழந்தை பெற்று வாழ்பவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். அந்த 4 மாதம் நான் அவர்களை எவ்வளவு கேவலமாகக் கற்பனை செய்துவைத்திருந்தேன் என்பதற்காக இன்றும் வருந்துகிறேன்.

அந்தத் தம்பி என்ன முடிவெடுத்தான் என்று சொல்லிவிடுகிறேன். மாத்திரை வாங்கவில்லை. பேக்கேஜ் எடுக்கவில்லை. மறுநாள் அவன் ஊர் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்குப் போனான், நான் போனில் கூடவே இருந்தேன். ஆணுறை கிழியவில்லை என்றதும் அங்கேயும் அவசரமில்லை என்றே சொன்னார்கள். அவனுக்கு மனம் ஒப்பவில்லை, அதனால் 45ஆம் நாளுக்கு ஒரே ஒரு டெஸ்ட் என்று ஒப்பந்தம். தேதியைக் காலண்டரில் வட்டம் போடாமல் என்னிடம் கொடுத்துவிட்டான், நான்தான் நினைவுபடுத்த வேண்டும். மஞ்சள் காமாலை ஊசி முதல் டோஸ் அன்றே போட்டுக்கொண்டான். இரவு 11 மணிக்கு மேல் போனில் அறிகுறி தேடக் கூடாது, தேடத் தோன்றினால் எனக்கு மெசேஜ் போட வேண்டும். இன்று 12ஆம் நாள். நேற்று இரவு ஒரு மெசேஜ்தான் வந்தது: "அண்ணே, தொண்டை கரகரங்குது, மழையில நனைஞ்சேன்." காரணத்தை அவனே எழுதியிருந்தான். சுக்குக் காப்பி குடித்துவிட்டுப் படு என்றேன்.